கூட்டாஞ்சோறு

அந்திப்பொழுதில் வீட்டுத் திண்ணையின் ஒரு மூலையில் சொப்புச் சாமான்களைப் பரப்பிக்கொண்டு, சிரட்டையால் மணலை அளந்து போட்டு, பூவரச இலையைக் கிள்ளிக் கறியென்று சேர்த்து, இல்லாத நெருப்பை ஊதி ஊதி எரிய வைத்து, கடைசியில் அந்தச் சோற்றை நம் உள்ளங்கையில் வைத்து, "சாப்பிடுங்க, சூடா இருக்கு" என்று உபசரிக்கும் குழந்தையை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். நாமும் கையை வாயருகே கொண்டுபோய், உண்டதுபோல் பாவனை செய்து, "ரொம்ப ருசி" என்று சொல்லிவிட்டு நம் காரியத்தைப் பார்க்கப் போய்விடுகிறோம். அதே குழந்தை சிறிது நேரம் கழித்து உண்மையான அடுப்பு எரிகின்ற அறையின் வாசலில் வந்து நின்றால், "இங்கே உனக்கு என்ன வேலை? போய்ப் படி" என்று திருப்பி அனுப்புகிறோம். விளையாட்டாகச் சமைத்த சோற்றை மெச்சிய நாம், மெய்யாகச் சமைக்க வந்த கையை விலக்கிவிடுகிறோம். இந்த முரண்பாட்டைப் பற்றித்தான் இன்று உங்களோடு சிறிது நேரம் பேச விரும்புகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது தாமிரபரணிக் கரையில் ஒரு சிற்றூர். எங்கள் பக்கத்தில் கூட்டாஞ்சோறு என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. தெருப்பிள்ளைகள் ஆளுக்கு ஒரு பிடி அரிசியும் பருப்பும் தத்தம் வீட்டிலிருந்து கொண்டுவந்து, தோப்பிலோ ஆற்றங்கரையிலோ மூன்று கல்லைக் கூட்டி, ஒரே பானையில் பொங்கிப் பகிர்ந்து உண்பது ஒன்று. அரிசி, பருப்பு, காய், கீரை அனைத்தையும் ஒரே பாத்திரத்தில் சேர்த்து வேகவைத்து, தேங்காய் அரைத்துவிட்டுத் தாளித்து இறக்கும் திருநெல்வேலிப் பக்குவம் மற்றொன்று. பிள்ளைகளின் விளையாட்டுக்கும் பெரியவர்களின் சமையலுக்கும் ஒரே பெயர் வழங்குவதில் ஆழ்ந்த உண்மை ஒன்று இருப்பதாகவே எனக்கு எப்போதும் தோன்றும்.

எங்கள் ஆச்சி இந்தச் சோற்றை ஆக்கும் நாளில் பேரப்பிள்ளைகளில் ஒருவரும் சும்மா இருக்க முடியாது. ஒருத்தி முருங்கைக்கீரை உருவுவாள். ஒருவன் சின்ன வெங்காயம் உரித்துக் கண்ணைக் கசக்கிக்கொண்டிருப்பான். நான் முறத்தில் துவரம்பருப்பைப் பரப்பிக் கல் பொறுக்குவேன். எதை முதலில் போடுவது, எதைப் பின்னால் போடுவது என்று நாங்கள் கேட்டால் ஆச்சி சொல்லும் விடை இன்றும் என் செவியில் இருக்கிறது. "பருப்பு மூத்த பிள்ளை, அவன் முதல்ல போகட்டும். அரிசி இளையவன், அண்ணன் பாதி வெந்தபிறகு போவான். காயெல்லாம் அவங்க சேக்காளிங்க, கூடவே போகட்டும். புளி மட்டும் கோபக்காரன். அவன் முன்னால போனா மத்தவங்க வேகமாட்டாங்க. அவன் கடைசிலதான்."

புளிப்பு ஏறிய நீரில் பருப்பு குழைவது தாமதப்படும் என்பதும், காயின் இழைகளைப் பிணைத்து நிற்கும் பசைப்பொருள் அந்த நீரில் எளிதாகக் கரைவதில்லை என்பதும் பிற்காலத்தில் நான் புத்தகங்களில் படித்தறிந்த விஷயங்கள். ஆச்சி அவற்றைப் படித்தவளல்ல. ஆயினும் ரசாயன சாஸ்திரத்தின் ஒரு பாடத்தை, ஐந்து வயதுப் பிள்ளைக்கும் மறக்காத வகையில், ஒரு குடும்பத்துக் கதையாக அவள் சொல்லித் தந்துவிட்டாள்.

இப்போது நான் வற்புறுத்திச் சொல்ல விரும்பும் கருத்துக்கு வருகிறேன். குழந்தைகளைச் சமையலறைக்குள் விடாததற்குக் காரணம் நமக்கு அவர்கள்மீது அன்பில்லாமை அன்று. நம் சமையல் அவ்வளவு நெருக்கடியாகிவிட்டதே காரணம். பகலெல்லாம் அலுவலில் உழைத்துவிட்டு மாலையில் வீடு திரும்பும் ஒருவர், குழம்பு, ரசம், பொரியல், கூட்டு என்று நான்கு அடுப்புக் காரியங்களை ஒரு மணி நேரத்தில் முடிக்க முனையும்போது, மெல்ல மெல்ல வேலை செய்யும் ஒரு பிஞ்சுக் கைக்கு அங்கே இடம் எங்கிருந்து வரும்? விருந்துச் சமையல் குழந்தையை வெளியே தள்ளும். எளிய சமையலே அதை உள்ளே அழைக்கும். ஆகையால், பிள்ளைகளுக்குச் சமையல் பழக்க விரும்பும் வீட்டார் முதலில் செய்ய வேண்டியது, இராச் சாப்பாட்டை ஒரே பாத்திரத்து உணவாக, ஒரே தொடுகறியோடு, எளிமையாக்கிக்கொள்வதே. எளிமை என்றால் சத்துக் குறைவென்று எண்ண வேண்டாம். அரிசியில் குறைவாக உள்ள புரதக்கூறு பருப்பில் நிறைவாக இருக்கிறது; பருப்பில் குறைந்ததை அரிசி ஈடு செய்கிறது. இரண்டும் சேர்ந்த ஒரு கவளம், தனித்தனியே உண்பதைவிட உடலுக்கு உயர்ந்த போஷணையைத் தருகிறது.

ஐந்து பேருள்ள குடும்பத்துக்குக் கூட்டாஞ்சோறு செய்யும் வகையைச் சொல்கிறேன். இரண்டு டம்ளர் அரிசி, ஒரு டம்ளர் துவரம்பருப்பு, எலுமிச்சையளவு புளி, வீட்டில் இருக்கும் காய்கள். கத்தரிக்காய், வாழைக்காய், முருங்கைக்காய், சீனியவரைக்காய், கிடைத்தால் ஒரு துண்டு மாங்காய், எல்லாம் கலந்து மூன்று டம்ளர் அளவுக்கு வரட்டும். ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை. அரைப்பதற்கு அரை மூடித் தேங்காய், ஒரு தேக்கரண்டி சீரகம், நான்கு மிளகாய் வற்றல், ஐந்தாறு சின்ன வெங்காயம். பருப்பை மஞ்சள்பொடி சேர்த்துத் தாராளமான நீரில் வேகவிட்டு, அது பாதி வெந்ததும் களைந்த அரிசியையும் காய்களையும் போட வேண்டும். அரிசி முக்கால் பதம் ஆனபின் புளிக்கரைசலும் உப்பும் அரைத்த விழுதும் கீரையும் சேர வேண்டும். எல்லாம் ஒன்றோடொன்று இழைந்து குழைந்து வருகையில், நல்லெண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை, வெங்காய வடகம் தாளித்துக் கொட்டிக் கிளறி இறக்கிவிடலாம். சுட்ட அப்பளம் ஒன்று போதும். வேறொரு பதார்த்தமும் வேண்டியதில்லை.

வாரத்தின் மற்ற இரவுகளுக்கும் இத்தகைய எளிய உணவுகள் நம்மிடம் நிறையவே இருக்கின்றன. அரிசியையும் பருப்புகளையும் இரண்டு மூன்று மணி நேரம் ஊறவைத்துக் கொரகொரப்பாக அரைத்துவிட்டால், புளிக்கும்வரை காத்திராமல் உடனே அடை வார்க்கலாம். பாசிப்பருப்பு ஊறவைக்காமலே விரைவில் வேகுமாதலால் வெண்பொங்கலுக்கு அரை மணி நேரம் போதும். 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உள்ள கேழ்வரகை மாவாக வைத்திருந்தால், முருங்கைக்கீரையும் வெங்காயமும் பிசைந்து பிள்ளைகளின் கையாலேயே ரொட்டியாகத் தட்டச் செய்யலாம். எலுமிச்சஞ்சாதம், அரிசி உப்புமா என்று பட்டியலை உங்கள் வீட்டு வழக்கப்படி நீட்டிக்கொள்ளுங்கள்.

எந்த வயதுக்கு எந்த வேலை என்பதில் நிதானம் வேண்டும். மூன்று நான்கு வயதுக் குழந்தை கீரை ஆயவும், பட்டாணியும் மொச்சையும் உரிக்கவும் வல்லது. பள்ளிக்கூடத்துக்குப் போகத் தொடங்கிய பிள்ளை அரிசியை அளந்து, களைந்து, களைந்த நீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு வரும். ஏழெட்டு வயதில் எலுமிச்சம்பழம் பிழியலாம், சீரகமும் மிளகும் இடிக்கலாம், மாவு பிசையலாம். பத்து வயதுக்குப் பின் பெரியவர் அருகிருக்கக் கத்தி பிடிக்கக் கற்பிக்கலாம். அடுப்பை அதற்கும் பிறகே ஒப்படைக்க வேண்டும். அரிவாள்மணையை வேலை முடிந்ததும் படுக்க வைக்கவும், பாத்திரத்தின் கைப்பிடியை உட்புறமாகத் திருப்பி வைக்கவும், மிளகாய் தொட்ட கையால் கண்ணைத் தொடாதிருக்கவும், குக்கரின் ஆவி முழுவதும் அடங்குமுன் மூடியை அசைக்காதிருக்கவும் முதல் நாளே பழக்கிவிட வேண்டும். நெருப்புக்குப் பயப்படக் கற்பிப்பது வேறு, நெருப்பை மதிக்கக் கற்பிப்பது வேறு. பின்னதே நமக்கு வேண்டியது.

இவ்வளவு சிரத்தை எதற்கு, படிப்பு கெடாதா என்று சில பெற்றோர் கேட்கக்கூடும். சமையலறையில் நடப்பதும் படிப்புத்தான். இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு நாழி என்று அளந்து கொட்டிய பிள்ளைக்கு, அரையும் காலும் அரைக்காலும் கண்ணால் கண்ட பொருள்கள் ஆகிவிடுகின்றன. கடுகு ஏன் வெடிக்கிறது என்று அது கேட்கும். உள்ளே இருக்கும் சிறிதளவு நீர் ஆவியாகித் தோலைப் பிளக்கிறது என்று நாம் சொல்லலாம். குக்கரில் மட்டும் பருப்பு ஏன் சீக்கிரம் வேகிறது என்று கேட்கும். திறந்த பாத்திரத்தில் 100 டிகிரியில் கொதித்துவிடும் நீர், ஆவி அடைபட்டு அழுத்தம் மிகும்போது ஏறக்குறைய 120 டிகிரி வரை சூடேறுகிறது என்று விளக்கலாம்.

செய்து கற்பது என்ற இந்த எண்ணம் புதிதன்று. 1907ஆம் ஆண்டில் ரோமாபுரியின் ஏழைகள் வாழ்ந்த பகுதியில் குழந்தைகளுக்கென்று ஒரு பள்ளியைத் தொடங்கிய மரியா மாண்டிசோரி அம்மையார், குழந்தைகள் பொம்மை வேலையைக் காட்டிலும் மெய்யான வேலையை விரும்புவதைக் கண்டார். நீர் வார்ப்பது, துடைப்பது, உணவு பரிமாறுவது போன்ற நித்திய காரியங்களையே கல்வியின் முதற்படியாக அமைத்தார். 1939இல் அவர் சென்னைக்கு வந்து அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி. அவர் இங்கே வருவதற்கும் முன்னால், 1910இல், ஜோகன்னஸ்பர்க் நகருக்கு 21 மைல் தொலைவில் டால்ஸ்டாய் பண்ணையில் காந்தியடிகள் சத்தியாக்கிரகிகளின் குடும்பங்களோடு வாழ்ந்தபோது, சமையல் முதல் துப்புரவு வரை எல்லா வேலைகளையும் பண்ணைவாசிகளே செய்தார்கள். வேலைக்காரர் எவரும் இல்லை. அக்குடும்பங்களிற் பல தமிழ்க் குடும்பங்கள். இந்துக்களும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் ஒரே சமையற்கூடத்தில் ஆக்கிய உணவை ஒரே பந்தியில் அமர்ந்து உண்டார்கள். அந்த வாழ்க்கையையே ஒரு பெரிய கூட்டாஞ்சோறு என்று நான் நினைப்பதுண்டு.

நம் நாட்டில் 1951இல் எஸ். மீனாட்சி அம்மாள், நிறையும் அளவும் குறித்துச் சமையல் முறைகளை எழுதி வெளியிட்டார். பிறந்த வீட்டை விட்டுத் தொலைவில் குடித்தனம் நடத்திய எத்தனையோ பேருக்கு அந்நூல் தாயாக நின்றது. அதற்கு அவர் இட்ட பெயர் 'சமைத்துப் பார்' என்பது. படித்துப் பார் என்றோ, கேட்டுப் பார் என்றோ அவர் சொல்லவில்லை. செய்துதான் அறிய வேண்டும் என்ற உபதேசம் அந்தத் தலைப்பிலேயே அடங்கியிருக்கிறது.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. இந்தப் பழக்கம் பெண்குழந்தைக்கு மட்டும் உரிய பயிற்சியாக ஆகிவிடக் கூடாது. பசி ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. பசி தீர்க்கும் வித்தையும் அப்படியே பொதுவாக இருப்பதுதான் நியாயம். தகப்பனார் வெங்காயம் நறுக்குவதைப் பார்த்து வளரும் மகனுக்குத் தனியே புத்திமதி சொல்ல வேண்டியதில்லை. அடுப்பின் முன் அன்றாடம் நின்று வேகும் தாயின் பிரயாசை எத்தகையது என்பதையும், ஒரு பிடி சோறு இலைக்கு வருமுன் எத்தனை கைகள் அதைத் தொட்டிருக்கின்றன என்பதையும் அவன் தன் கையாலேயே உணர்ந்துகொள்வான். அப்படி உணர்ந்தவன் இலையில் சோற்றை மிச்சம் வைக்க மாட்டான்.

முதல் சில நாட்களில் அரிசி சிந்தும், காய்த்துண்டு ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இருக்கும், உப்பு ஒரு நாள் கூடும், ஒரு நாள் மறந்தே போகும். அப்போது முகம் சுளிக்காமல் உண்டுவிட்டு, மறுநாளும் அந்தக் கையிலேயே உப்பைக் கொடுப்பவரே நல்லாசிரியர். கத்தரிக்காயைக் கண்டாலே எழுந்து ஓடிய என் பேத்தி, தானே அதைக் கழுவி, தன் கையால் பானையில் போட்ட அன்று, எந்தத் துண்டு தன்னுடையது என்று தேடி எடுத்துச் சாப்பிட்டாள்.

சென்ற வாரம் எங்கள் வீட்டில் மறுபடியும் கூட்டாஞ்சோறு. அலுவலிலிருந்து வந்த என் மகன் உதவி செய்யும் ஆவலில், கரைத்து வைத்திருந்த புளியை எடுத்துப் பானைக்கு மேல் சாய்க்கப் போனான். ஆறு வயதுப் பேத்தி ஓடிவந்து அவன் முழங்கையைப் பற்றிக்கொண்டாள். "அப்பா, நில்லுங்க. இளையவன் இன்னும் வேகலை. கோபக்காரன் கடைசிலதான்" என்றாள். அவன் சிரித்துக்கொண்டே பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, அவள் உத்தரவுக்காகக் காத்து நின்றான். ஆச்சி மறைந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. அவள் முகத்தை அந்தக் குழந்தை பார்த்ததில்லை.

நேயர்களே, நாளை அந்தியில் உங்கள் வீட்டுக் குழந்தை மணற்சோற்றை ஏந்திக்கொண்டு வந்து உபசரித்தால், அதை அன்போடு வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு அந்தச் சிறு கையைப் பிடித்து உள்ளே அழைத்துச் சென்று, அரிசிப் பானையின் மூடியைத் திறந்து, அளக்கும் டம்ளரை அதன் கையில் கொடுங்கள்.