பெயர் வெட்டாத பாத்திரங்கள்

கல்யாணம் முடிந்த மறுநாள், ஊரெல்லாம் இரவல் வாங்கிய அண்டா குண்டாக்களைத் திருப்பிக் கொடுக்கப் புறப்படுகிறவருக்கு, விளிம்பில் பெயர் வெட்டிய பாத்திரத்தால் யாதொரு சிரமமுமில்லை; பெயர் வெட்டாததுதான் அவரைத் திண்ணை திண்ணையாக ஏறி இறங்க வைக்கும். பிஎச்பி மொழியில் என்றோ எழுதப்பட்டு இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் இணையதளத்தைக் கம்போசர் என்னும் சாதனத்தின் பராமரிப்புக்கு மாற்றப் புகுகிறவர் நிலையும் அதுவே.

கடிதம் அனுப்ப ஒன்று, படத்தைச் சுருக்க ஒன்று என்று பிறர் இயற்றிய நிரல் நூலகங்களை ஜிப் கோப்பாக இறக்கி, ஒரு கோப்புறையில் அவிழ்த்து வைத்து, அது எந்தப் பதிப்பு, வேறு எந்த நூலகத்தை ஆசிரயித்து நிற்பது என்பதற்கு ஒரு வரி சாட்சியமும் இல்லாமல் மறந்துவிடுவதே முன்னாளைய வழக்கம். நில்ஸ் ஆடர்மான், ஜோர்டி பொஜியானோ என்னும் இருவர் 2012-இல் வெளியிட்ட கம்போசர் இதற்கு இரண்டு கோப்புகளை வைத்தது. இரண்டாம் வரிசைப் பதிப்பில் எதுவாயினும் சம்மதம் என்பதுபோன்ற நம் விருப்பத்தைச் சொல்வது ஒன்று. அவ்விருப்பத்துக்கு இணங்க உண்மையில் வந்து சேர்ந்தது இன்ன பதிப்பே என்று இம்மியும் பிசகாமல் குறித்து வைப்பது மற்றொன்று. பின்னதைப் ‘பூட்டுக் கோப்பு’ என்பர். ‘இன்ஸ்டால்’ என்னும் கட்டளை பூட்டில் உள்ளதையே எந்தக் கணினியிலும் கொண்டுவந்து வைக்கும். ‘அப்டேட்’ என்பதோ பூட்டைத் திறந்து புதிதாகக் கணக்கிடும். இவ்விரண்டையும் மாற்றி அடித்துவிட்டுக் கையைப் பிசைந்தவர்கள் பலர்.

கட்டளைகளைக் கற்க அரைநாள் போதும். உள்ளே என்ன இருக்கிறது என்று கண்டறிவதே பெரும்பாடு. ஏனெனில் யாரோ ஒருவர், அவசரத்தில், பிறர் நூலகத்துக்குள்ளேயே இரண்டு வரிகளைத் திருத்தியிருப்பார். கம்போசர் மூலப் பிரதியைக் கொண்டுவந்து வைத்ததும் அத்திருத்தம் சத்தமின்றி மறைந்துவிடும். ஆகவே அதே பதிப்பின் அசலைத் தனியே இறக்கி, வரிக்கு வரி ஒப்புநோக்கிய பிறகே பழையதைத் தொட வேண்டும்.

ஒப்புநோக்காமல் நான் தொடவில்லையா என்றால், தொட்டேன். மாற்றிய மறுதினமே, எங்கள் தளம் அனுப்பிய கடிதங்களில் தமிழெல்லாம் உருக்குலைந்து எவராலும் வாசிக்கவொண்ணாத குறிகளாயிற்று. எழுத்துக் குறிமுறையை யுடிஎஃப்-8 என்று கடித நூலகத்துக்குள் திருத்தியிருந்த புண்ணியவானைத் தேடினேன். பழைய குறிப்புகளில் அகப்பட்டது என் பெயர். அந்நூலகத்தின் உபயோகக் குறிப்பைப் படித்திருந்தால் நூலகத்தைத் திருத்தவே அவசியம் இருந்திராது. எங்கள் நிரலில் ஒரே வரி சேர்த்ததும் தமிழ் திரும்பி வந்தது.