பழைய வண்டியும் புதிய வண்ணமும்



"மொறிஸ் மைனர் கார் விற்பனைக்கு உண்டு, இரு கதவு, ஜப்பானிய எஞ்சின் பூட்டப்பட்டது, புதிய வர்ணம்" என்னும் பாங்கிலே அமைந்த விளம்பரங்கள் பலர் கண்ணிலும் பட்டிருக்கும். சிலாபம் தொடங்கிக் கற்பிட்டி வரையுள்ள எங்கள் கரையோரத்திலும் இத்தகைய வண்டிகள்மேல் மோகம் கொண்ட இளைஞர் உளர். பல்லாண்டுச் சேமிப்பை அதற்கென எடுத்துக் கொடுப்பவரும் உளர். உருமாற்றப்பட்ட பழைய வண்டிக்கு விலை பேசுமிடத்து எதனை மதிக்க வேண்டும், எதனை ஐயுற வேண்டும் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

வண்டியை உருமாற்றும் இக்கலை அமெரிக்காவிலே 'ஹொட் ரொட்' எனப் பெயர் பெற்றது. 1932ஆம் ஆண்டில் போர்ட் நிறுவனம் எட்டு உருளைகளும் 65 பரிவலுவும் கொண்ட எஞ்சினைச் சாமானியர் வாங்கத்தக்க காரிலே பொருத்தி வெளியிட்டது. அக்கார்கள் பழையனவாகி விலை மலிந்தபோது கலிபோர்னிய இளைஞர் அவற்றை வாங்கினர், மட்கார்டுகளைக் கழற்றினர், கூரையை வெட்டித் தாழ்த்தினர், எஞ்சினின் வலுவைப் பெருக்கி, வறண்ட ஏரிப் படுகைகளில் ஓட்டி வேகம் பார்த்தனர். இரு கதவுக் 'கூப்பே' வகை அவர்களுக்கு மிக உவப்பானது. 'கூப்பே' என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு 'வெட்டப்பட்டது' என்பதே பொருள்.

அங்கே வேட்கை செய்வித்த வேலையை இங்கே தேவை செய்வித்தது. 1960களிலும் 1970களிலும் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1990களில் பெற்றோல் கிடையாத யாழ்ப்பாணத்தில், சில துளி பெற்றோலால் எஞ்சினை உயிர்ப்பித்து, பிறகு மண்ணெண்ணெயிலே பழைய ஒஸ்டின், மொறிஸ் கார்களை ஓட்டினார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025ஆம் ஆண்டிலேதான் வழி திறந்தது. இவ்வாறான காலங்களில் பழைய வண்டியைக் காத்தவர் கராஜிலே கரிபடிந்த கையோடு நின்ற கைவினைஞரே. அவர் திறமை சிறிதன்று. இங்கிலாந்தின் பாத் நகரில் அந்நாளில் இருந்த மொறிஸ் மைனர் நிலையத்துக்கு வேண்டிய உடற்றகடுகள் 1990களில் நம் இலங்கையிலே செய்யப்பட்டுக் கப்பலேறின என்பதை நினைக்க வேண்டும்.

ஆயினும், "கைபட்ட வண்டி கெட்ட வண்டி, பிறந்தபடி இருப்பதே வண்டி" என்று வாதிப்பாரும் உண்டு. அவர்களுக்கு மைனரின் பிறப்புக் கதையே விடையாகும். 1948ஆம் ஆண்டு இலண்டன் கண்காட்சிக்கு வருமுன், மாதிரி வண்டி ஒடுக்கமாய்த் தோன்றுகிறதென்று கருதினார் அதனை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ். அதனை நெடுக்காக இரு பாதியாய் அறுப்பித்து, விலக்கி விலக்கிப் பார்த்து, நான்கு அங்குலம் கூட்டினார். பொனெட்டின் நடுவே ஓடும் தட்டையான பட்டை அவ்வெட்டின் அடையாளம். முன்னரே செய்து வைத்த பம்பர்களையும் நடுவில் அறுத்து, ஒட்டுத் துண்டு வைத்தே பொருத்தினார்கள். எனவே வெட்டுவது குற்றமன்று. வெட்டியதை மறைப்பதே குற்றம்.

மறைப்பு எங்கே ஆபத்தாகிறது? 1932ஆம் ஆண்டின் போர்ட் காருக்கு உடல் வேறு, அடிச்சட்டம் வேறு. உடலை வெட்டினாலும் சட்டம் தாங்கும். மைனர் காருக்கோ தனியான அடிச்சட்டம் இல்லை, உடற்றகடே எலும்புக்கூடு. எங்கள் ஊர்க் காற்று களப்பையும் உப்பளத்தையும் தடவி வருவது. அது கதவின் கீழ்ப்படியையும், தரையின் கீழுள்ள குறுக்குச் சட்டத்தையும், பின் வில் தாங்கிகளையும் மெல்லத் தின்றுவிடும். துருவின்மேல் பட்டி பூசி, அதன்மேல் பளபளக்கும் வர்ணம் அடித்துவிட்டால், கண்ணுக்கு அழகிய கார் உள்ளே உளுத்த மரமாய் நிற்கும். சிறு காந்தமொன்றைத் துணியிற் சுற்றி உடலிலே வைத்துப் பாருங்கள். இரும்பு இழுக்கும், பட்டி இழுக்காது. ஜக் வைத்து உயர்த்தும்போது கதவு இறுகினால், உடல் வளைகிறதென்று அறிந்துகொள்ளுங்கள்.

அடுத்தது பிரேக். முதல் மைனரின் எஞ்சின் 918 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடையது. 1962ஆம் ஆண்டில் அது 1,098 ஆனபோது, உற்பத்தியாளரே முன் சக்கரப் பிரேக்குகளையும் பெரிதாக்கினர். ஓட்டத்தைக் கூட்டியவன் நிறுத்தத்தையும் கூட்ட வேண்டும் என்பதே அதன் பாடம். வலிய எஞ்சினைப் பூட்டிப் பழைய பிரேக்கை அப்படியே விட்ட வண்டி, புத்தளம் வீதியின் நேரான ஓட்டத்திலே இனிக்கும். குறுக்கே ஒரு பாடசாலைப் பிள்ளை ஓடிவரும் கணத்திலே கைவிடும்.

மூன்றாவது பத்திரம். சிலோன் என்ற பெயரின் எழுத்துகளைத் தாங்கிய பழைய இலக்கத் தகட்டுக்கே மயங்கி விலை கொடுப்போர் உண்டு. தகடு வண்டியாகாது. பதிவுப் புத்தகத்திலுள்ள இலக்கங்களும் வண்டியிற் பொறித்த இலக்கங்களும் ஒத்திருக்கின்றனவா, எஞ்சின் மாற்றம் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலே பதியப்பட்டதா என்று பார்த்த பின்னரே முற்பணம் கொடுக்க வேண்டும்.

விற்பவர்க்கும் ஒரு வார்த்தை. எந்த ஆண்டில் எதனை மாற்றினோம், எந்தத் தகட்டை வெட்டி எதனை ஒட்டினோம், யார் கைவேலை அது என்று ஒரு தாளிலே எழுதி வண்டியோடு கொடுங்கள். அதனால் விலை குறையுமென்று அஞ்ச வேண்டாம். நல்ல வேலை செய்த கைவினைஞனின் பெயர் அத்தாளிலே நிற்பது அவனுக்குப் பெருமை. தன் உழைப்பின் பணத்தை எண்ணிக் கொடுக்கும் இளைஞனுக்கும், அவ்வண்டியிலே ஏறப்போகும் அவன் குடும்பத்துக்கும் அது காவல்.