கல்கத்தா பிரசிடென்சி கல்லூரி

கல்கத்தாவில் வாழும் நம்மவர்க்கும், அந்நகருக்குச் சென்று வந்தவர்க்கும் காலேஜ் தெரு என்றவுடன் நினைவில் எழுவன பழைய புத்தகக் கடைகளே. நடைபாதை நெடுக அடுக்கிக் கிடக்கும் அப்புத்தகங்களைப் புரட்டிக்கொண்டே செல்பவர், கடைகளுக்குப் பின்னே கம்பி வேலிக்கு அப்பால் நிற்கும் பெரிய கட்டடத்தைப் பெரும்பாலும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. அதுவே பிரசிடென்சி கல்லூரி. 2010-ஆம் ஆண்டு அது பல்கலைக்கழகமாக உயர்த்தப் பெற்றது. எனினும் பழகியவர் நாவில் அது இன்னும் கல்லூரிதான். சென்னையிலும் இதே ஆங்கிலப் பெயருடைய கல்லூரி உண்டு. அதை நாம் மாநிலக் கல்லூரி என்கிறோம். பெயர்களை மொழிபெயர்ப்பதையே பிழைப்பாகக் கொண்ட நான், கல்கத்தாக் கல்லூரிக்கு அப்பெயரைச் சூட்டத் துணியவில்லை. நேயர்களின் மனம் மெரீனாக் கடற்கரைக்குச் சென்றுவிடும்!

இக்கல்லூரியில் பயின்று புகழ் பெற்றோரின் பட்டியல் மிக நீண்டது. அதைப் படித்துக் காட்டுவது என் நோக்கமன்று. அப்பட்டியலின் முன் வரிசையில் நிற்கும் பெயர்களுள் பல, இக்கல்லூரியிலேயே உரிய மதிப்புக் கிட்டாதவர்களின் பெயர்கள். அவர்களைப் பற்றியே சில சொல்ல விரும்புகிறேன்.

1817-ஆம் ஆண்டு ஜனவரி 20-ஆம் நாள், நகரப் பெருமக்கள் திரட்டிய பொருளைக் கொண்டு, இந்து கல்லூரி என்ற பெயரில் இது தொடங்கியது. பெயருக்கேற்ப இந்துக் குடும்பத்துச் சிறுவர்க்கு மட்டுமே இடம். 1853-இல் கணிகை ஒருத்தியின் மகனைச் சேர்த்துக்கொண்டபோது பெரிய இடத்துப் பெற்றோர் பலர் சினந்து, தம் பிள்ளைகளுக்கென்று வேறொரு கல்லூரியே கண்டனர். 1855-இல் அரசினர் இதைத் தம் பொறுப்பில் ஏற்றுப் பிரசிடென்சி கல்லூரி ஆக்கிய பின்னரே எல்லாச் சமயத்தாருக்கும் கதவு திறந்தது.

அதற்கு முன்பே, 1826-இல், பதினேழு வயது இளைஞர் ஒருவர் அங்கு ஆசிரியராய் அமர்ந்தார். அவர் ஹென்றி டிரோசியோ. எதையும் கேள்வி கேட்டு ஆராய்க என்பதே அவர் கற்பித்த பாடம். மாணாக்கர் வகுப்பு முடிந்த பின்னும் அவரைச் சூழ்ந்து விவாதித்தனர். பிள்ளைகள் கெட்டுப்போகின்றனர் என்று நிர்வாகத்தார் அஞ்சினர். 1831-இல் அவர் விலக நேர்ந்தது. அவ்வாண்டின் இறுதியிலேயே வாந்திபேதி கண்டு இருபத்திரண்டு வயதில் மறைந்தார். ஐந்தாண்டுக்கும் குறைவாகப் பணியாற்றிய அந்த ஆசிரியரின் பெயரால் இன்று அங்கே ஒரு மண்டபம் இருக்கிறது.

1885-இல் பௌதிக ஆசிரியராய் வந்தவர் ஜகதீச சந்திர போஸ். ஒரே வேலைக்கு ஐரோப்பியருக்கு ஒரு சம்பளம், இந்தியருக்கு அதனினும் குறைந்த சம்பளம் என்பது அந்நாளைய விதி. போஸ் வேலையை விடவில்லை, சம்பளத்தைத்தான் தொடவில்லை. மூன்றாண்டுகள் ஊதியமின்றியே பாடம் நடத்தினார். முடிவில் அரசினர் இணங்கி முழு ஊதியத்தையும் முன்தேதியிட்டு வழங்கினர். கல்லூரியில் அவருக்கு முறையான ஆய்வுக்கூடமும் இல்லை. அந்நிலையிலேயே அவர் மின்காந்த அலைகளை ஆராய்ந்து, கம்பியின் துணையின்றி அவற்றைத் தொலைவுக்குச் செலுத்தி மணியடிக்கச் செய்து நகர மண்டபத்தில் காட்டினார். வானொலி கேட்கும் நாம் அவரை நினைப்பது பொருத்தமே.

ஆயினும் சம்பளக் குறைவைக் காட்டிலும் கொடியது ஒன்று உண்டு என்பேன். 1911-இல் டாக்கா மாவட்டத்துச் சிற்றூர் மளிகைக் கடைக்காரரின் மகனான மேகநாத சாஹா இக்கல்லூரியில் சேர்ந்தார். ஈடன் இந்து விடுதியில் தங்கினார். அவருடைய சாதியைக் காரணங்காட்டி, உயர்குலத்தவர் எனத் தம்மைக் கருதிய மாணாக்கர் அவருடன் அமர்ந்து உண்ண மறுத்தனர். போஸுக்கு இழைக்கப்பட்டது அந்நிய ஆட்சியின் விதி. சாஹாவுக்கு இழைத்தவர்களோ அவருடன் ஒரே பலகையில் அமர்ந்து பாடம் கேட்டவர்கள். கல்லூரியின் கதவு திறந்த பின்னும் உணவறையின் கதவு சாத்தியே கிடந்தது. தம் பிள்ளைகளை அயலூர் விடுதிகளில் விட்டுவரும் நம் பெற்றோர், தேர்வு முடிவுகளின் விழுக்காட்டைக் கேட்கும்போது, அங்கே யார் யாருடன் அமர்ந்து உண்கிறார்கள் என்பதையும் கேட்டால் நன்று.

அதே வகுப்பறைதான் சாஹாவுக்குச் சத்தியேந்திர நாத போஸ் என்ற தோழரையும் தந்தது. இருவரும் எம்.எஸ்ஸி. தேர்வில் முதலிரண்டு இடங்களைப் பெற்றனர். பின்னர் ஐன்ஸ்டைனின் சார்பியல் கட்டுரைகளை ஜெர்மனிலிருந்து ஆங்கிலத்தில் பெயர்த்தனர். அதே கல்லூரியில் அவர்களுக்கு ஓராண்டு முன் படித்த மகாலனோபிஸ் முன்னுரை எழுத, 1920-இல் கல்கத்தாப் பல்கலைக்கழகம் அதை நூலாக வெளியிட்டது. இளைஞர் மூவர் ஒரு புதிய அறிவைத் தம் நாட்டு மாணாக்கருக்குக் கொணர்ந்த அச்செயலை, மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில், அவர்களுடைய கண்டுபிடிப்புகளுக்குச் சமமாகவே மதிக்கிறேன். சாஹாவே பிற்காலத்தில் பஞ்சாங்கச் சீர்திருத்தக் குழுவின் தலைவராயிருந்தார். அக்குழுவின் பரிந்துரைப்படி 1957-இல் நடைமுறைக்கு வந்ததே தேசிய நாட்காட்டி. அரசிதழின் தலைப்பில் சக ஆண்டுத் தேதியைக் காணுந்தோறும், பந்தியில் இடம் மறுக்கப்பட்ட அந்த மாணவரை எண்ணிக்கொள்கிறேன்.

1916-இல் நிகழ்ந்ததைப் பலர் அறிவர். ஓட்டன் என்ற ஆங்கிலேயப் பேராசிரியர் மாணவரிடம் கைநீட்டினார் என்று புகார் எழுந்தது. பின் அவரே தாக்கப்பட்டார். அதன் பொருட்டு நீக்கப்பட்ட மாணவர் சுபாஷ் சந்திர போஸ். அதிகம் பேர் அறியாதது மற்றொன்று: நேதாஜி மறைந்தார் என்ற செய்திக்குப் பின் அதே ஓட்டன் அவரைப் போற்றிக் கவிதை எழுதினார்.

கல்லூரியின் பேச்சு வாயிலோடு நிற்பதில்லை. எதிரே சந்தில் உள்ள காப்பி நிலையத்தில் தொடர்கிறது. பழைய ஆல்பர்ட் மண்டபத்தில் 1942-இல் தொடங்கிய அது 1958-இல் மூடப்படும் நிலையை அடைந்தது. பிரசிடென்சிப் பேராசிரியரும் பல்கலைக்கழகத்தாரும் ஒன்றுகூடி அரசிடம் முறையிட்டனர். காப்பி நிலையத் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கமே அதை ஏற்று நடத்தலாயிற்று. உயர்ந்த கூரையின் கீழ், தலைப்பாகை அணிந்த பரிசாரகர் கொணரும் ஒரு கோப்பையை முன்னே வைத்துக்கொண்டு, ஆசிரியரும் மாணாக்கரும் மணிக்கணக்கில் வாதாடுவார்கள். எழுந்து போகச் சொல்வார் இல்லை. அந்தக் காப்பி நம் ஊர்க் காப்பிக்கு ஈடாகுமா என்பது வேறு வழக்கு. அதில் என் தீர்ப்பை வங்க நண்பர்களிடம் நான் இன்னும் சொல்லவில்லை.