பட்டமும் பதக்கமும்



‘பட்டம்’ என்னும் சொல்லை நாம் நாள்தோறும் வழங்குகிறோம். அது பள்ளிக்கூடத்திற்குச் சொந்தமான சொல் அன்று. மன்னனின் நெற்றியில் கட்டிய பொன் தகடு பட்டம். கோயில் யானையின் முகத்தில் மின்னுவது நெற்றிப்பட்டம். முடி சூட்டுவதைப் ‘பட்டம் கட்டுதல்’ என்பது வழக்கு. தேர்வு எழுதித் தேறிய இளைஞனுக்கு அளிக்கும் தகுதிக்கும் அந்தச் சொல்லையே நம்மவர் எடுத்துக்கொண்டார்கள். பல்கலைக்கழகத் தலைவருக்கு ‘வேந்தர்’ என்றும் பெயர் வைத்தார்கள். மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட எம்மைப் போன்றவர்களுக்கு இதில் ஒரு வியப்பு உண்டு. தேர்வு மண்டபம் ஒன்று மொழிபெயர்ப்பாளர் கையில் அரசவையாக மாறிவிட்டது. ஆனால், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் நடந்த பட்டமளிப்பு விழாவை எண்ணிப் பார்த்தால், அந்தச் சொற்கள் பொருந்தாதவை என்று சொல்வதற்கில்லை.

அந்த விழாவைப் பலமனேரில் நின்று பார்ப்போம். இன்று ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டத்தில், கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 2,200 அடி உயரத்தில், தமிழ்நாட்டுக்கும் கருநாடகத்துக்கும் அருகில் இருப்பது பலமனேர். 1890-களில் அது சென்னை மாகாணத்து வட ஆற்காடு மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். அம்மாவட்டத்தின் தலைநகரம் அப்போது சித்தூர். சித்தூர் மாவட்டம் தனியாகப் பிரிந்தது 1911-இல். ஆந்திர மாநிலம் அமைந்தது 1953-இல். ஆகவே, இன்று ‘வெளி மாநிலத் தமிழர்’ என்று நம்மைக் குறிப்பிடுகிறார்களே, அந்தத் தொடருக்கு அக்காலப் பலமனேரில் பொருளே இல்லை. தமிழ் பேசியவரும் தெலுங்கு பேசியவரும் ஒரே மாகாணத்தின் குடிகள். 1853-இல் தோன்றிய அமெரிக்க ஆற்காட்டு மிஷன் பலமனேரிலும் தன் நிலையத்தை நிறுவியது. அவ்வட்டாரத்தில் அம்மிஷனார் இரு மொழிகளிலும் பணி செய்ய வேண்டியிருந்தது. கடைத்தெருவில் ஒரு மொழியில் விலை கேட்டு மறு மொழியில் விடை பெறுவது இப்பகுதிக்குப் புதிதன்று.

அப்படிப்பட்ட ஊரில் ஒரு பையன் பி.ஏ. ஆக விரும்பினால் என்ன செய்வான்? வேலூரில் ஊரீஸ் கல்லூரி 1898-இல்தான் கல்லூரி நிலைக்கு உயர்ந்தது, அதுவும் பி.ஏ.க்கு முந்திய எஃப்.ஏ. வகுப்பு வரைதான். எனவே, பலமனேர்ப் பையன் பெரும்பாலும் சென்னைக்கே போயாக வேண்டும். பலமனேருக்கு இரயில் இல்லை. மாட்டு வண்டியில் மொகிலிக் கணவாய் வழியாகச் சித்தூருக்கு இறங்க வேண்டும். அல்லது மறுபக்கம் மலையிறங்கிக் குடியாத்தம் போன்ற ஒரு நிலையத்தை அடைந்து புகைவண்டி ஏற வேண்டும். போனால் பல ஆண்டுகள் பட்டணத்து வாசம். உறவினர் வீட்டுத் திண்ணையோ, சாப்பாட்டு விடுதியோ, அவரவர் விதிப்படி.

இவ்வளவும் எதற்காக? சென்னைப் பல்கலைக்கழகத்தின் தேர்வு எழுதுவதற்காக. 1857-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் நிறைவேறிய சட்டத்தினால் தோன்றியது அது. கல்கத்தாவும் பம்பாயும் அதே ஆண்டில் பல்கலைக்கழகங்கள் பெற்றன. வடக்கே பெருங்கிளர்ச்சி மூண்ட ஆண்டும் அதுவே. அந்நாளையப் பல்கலைக்கழகம் பாடம் நடத்தியதில்லை. கல்லூரிகள் கற்பித்தன, பல்கலைக்கழகம் தேர்வு வைத்தது, பட்டம் கொடுத்தது. மாணவன் தன் பல்கலைக்கழகத்தை நேரில் கண்டது தேர்வு நாளிலும் பட்டமளிப்பு நாளிலுந்தான் என்றால் மிகையாகாது. ஆகவேதான் அந்த ஒரு நாள் அத்தனை பெருமை பெற்றது.

கடற்கரையை நோக்கி நிற்கும் செனட் மாளிகையை நேயர்களிற் பலர் பார்த்திருப்பீர்கள். இராபர்ட் சிஷோம் வரைந்த திட்டப்படி 1870-களில் எழுந்த கட்டடம் அது. விழா நாளில் செனட் உறுப்பினர் அணிவகுத்து உள்ளே வருவர். வேந்தர் என்பவர் மாகாணத்தின் ஆளுநர். மாணவர்கள் கறுப்பு அங்கி அணிந்து, முதுகில் வண்ணப்பட்டுத் தொங்கல் புரள, தலையில் மட்டும் தங்கள் வீட்டுத் தலைப்பாகையோடு இருப்பர். அக்காலத்து நிழற்படங்களைப் பார்த்தால் கழுத்துக்குக் கீழே இங்கிலாந்தும் கழுத்துக்கு மேலே நம் நாடுமாகக் காட்சி தருகின்றன. வேந்தர் கேள்வி கேட்பார். மாணவர் உறுதி கூறுவர். அன்றாட வாழ்விலும் பேச்சிலும் இப்பல்கலைக்கழகத்தின் உறுப்பினருக்கு ஏற்றவாறு நடந்துகொள்வோம் என்பது அந்த வாக்குறுதியின் கருத்து. பிறகு பட்டம் அளித்து, அதற்குரிய ஆடையை அணியும் உரிமையும் வழங்குவார்கள். இறுதியில் பெரியவர் ஒருவர் நீண்டதொரு சொற்பொழிவு ஆற்றுவார்.

இவையெல்லாம் ஆங்கிலத்தில். பல்கலைக்கழகத்தின் முத்திரை வாசகமோ இலத்தீனில். இயல்பாக உள்ள ஆற்றலைக் கல்வி வளர்க்கும் என்பது அதன் பொருள். தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய மொழிகளை வீட்டில் பேசிய இளைஞர் கூட்டம் அமர்ந்திருந்தது. ஆனால், அவர்களுடைய வீட்டு மொழிகளில் ஒன்றேனும் அன்று மேடையில் ஒலிக்கவில்லை.

ஆயினும், இப்பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் யார் என்று பார்த்தால் உள்ளம் மகிழ்கிறது. இருவர், இருவரும் யாழ்ப்பாணத் தமிழர். ஒருவர் கரோல் விசுவநாத பிள்ளை. மற்றவர் சி. வை. தாமோதரம் பிள்ளை. தாமோதரம் பிள்ளை அரசாங்கக் கணக்கு அலுவலகத்தில் வேலை பார்த்தார். பின்னர்ப் புதுக்கோட்டையில் நீதிபதியாக இருந்தார். சொந்த ஊரை விட்டுக் கடல் கடந்து வந்து அலுவலகத்தில் உத்தியோகம் பார்த்த மனிதர். வெளியூரில் வாழும் நம்மில் பலர் அவரை எளிதில் அறிந்துகொள்ளக்கூடும். அவர் வேலை நேரம் போக மீந்த பொழுதில் ஏடுகளைத் தேடினார். தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885-இலும், கலித்தொகையை 1887-இலும் அச்சேற்றினார்.

இவ்விரு ஆண்டுகளுக்கும் இடையில், 1886-இல், பட்டமளிப்பு உரை நிகழ்த்தியவர் ஆளுநரும் வேந்தருமான கிராண்ட் டஃப். அவ்வுரை அப்போது பலருக்குக் கசந்தது. படித்துப் பட்டம் பெற்ற நீங்கள் உங்கள் சொந்த மொழிகளையும் பழைய வரலாற்றையும் ஆராய்ந்து உலகத்துக்கு என்ன கொடுத்தீர்கள் என்பது அவர் கேள்வியின் சாரம். ஆள வந்தவர் இப்படிக் கேட்பதில் ஓர் உறுத்தல் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. அங்கியும் ஆங்கிலமும் அணிவித்தவர்களே, உன் மொழி எங்கே என்றும் கேட்டார்கள். ஆனால், கேள்வி பொய்யானதன்று. அடுத்த ஆண்டே கலித்தொகையும் சீவக சிந்தாமணியும் அச்சில் வந்தன. முன்னதைப் பதிப்பித்தவர் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரி. பின்னதைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையரோ எந்தக் கல்லூரித் தேர்வும் எழுதாதவர். அவருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் அளித்துத் தன்னைச் சிறப்பித்துக்கொண்டது 1932-இல்.

இனிப் பதக்கங்களைப் பற்றிக் கூறவேண்டும். நம் பேச்சின் உயிர்நிலை அங்கேதான் இருக்கிறது.

பட்டம் என்பது தேறிய எல்லோருக்கும் உரியது. பதக்கமோ ஒரு துறையில் முதலாவதாக வந்த ஒருவருக்கு மட்டும். அதற்குப் பணம் சர்க்கார் கஜானாவிலிருந்து வருவதில்லை. ஒரு ஜமீன்தாரோ, வக்கீலோ, வணிகரோ ஒரு தொகையைக் கொடுப்பார். அதை அரசாங்கக் கடன் பத்திரத்தில் போட்டு, ஆண்டுதோறும் வரும் வட்டியிலிருந்து பதக்கம் செய்வார்கள். 1,000 ரூபாய் முதலுக்கு 4 சதவீத வட்டி என்றால் ஆண்டுக்கு 40 ரூபாய். ஒரு சவரனுக்கு 15 ரூபாய் என்று 1899-இல் மதிப்பு நிலைநாட்டப்பட்டது. ஆகவே, அந்த வட்டிக்கு இரண்டரைச் சவரனுக்கு மேல் பொன் கிடைக்கும்! முதல் அப்படியே நிற்க, பொன் விலை ஏறிக்கொண்டே போனால் பதக்கத்தின் கதி என்னவாகும் என்பதை வீட்டுக்கு நகை வாங்கும் தாய்மார்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. நூறாண்டு கழித்து வெள்ளியில் முலாம் பூசும் நிலை வந்தால் அது கொடையாளியின் குற்றமன்று.

பணம் கொடுத்தவர், எந்தப் பாடத்துக்கு என்று குறிப்பிடலாம். இந்த ஒரு வழியாகத்தான் வீட்டு மொழி அந்த ஆங்கில விழாவுக்குள் நுழைந்தது. தமிழில் முதல்வர் இன்னார் என்று ஆளுநர் முன்னிலையில் அழைத்துப் பொன் கொடுத்தார்கள் என்றால், தமிழும் மதிப்பெண்ணுக்குரிய ஒரு கல்வி என்று அந்த மேடை ஒப்புக்கொண்டதாகும்.

அவ்வாறு சிறப்புப் பெற்றவருள் ஒருவர் வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியார். மதுரைக்கு அருகிலுள்ள விளாச்சேரியில் 1870-இல் பிறந்தவர். இராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி மன்னரின் உதவித்தொகை பெற்றுச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் படித்தார். 1892-ஆம் ஆண்டுப் பி.ஏ. தேர்வில் தமிழிலும் தத்துவத்திலும் பல்கலைக்கழகத்திலேயே முதல்வராகத் தேறிப் பொற்பதக்கம் பெற்றார். தத்துவப் பதக்கம் கையிலிருந்தவருக்கு அத்துறையில் வேலை கிடைப்பது அரிதன்று. ஊதியமும் மதிப்பும் அங்கேதான் மிகுதி. அவர் தமிழ் ஆசிரியப் பணியையே கேட்டு வாங்கிக்கொண்டார் என்று அவர் வரலாறு எழுதியோர் கூறுவர். அக்காலத்தில் கல்லூரித் தமிழாசிரியர் நிலை எத்தகையது என்பதை அறிந்தவர்களுக்கே இதன் அருமை விளங்கும். தம் வடமொழிப் பெயரைத் தமிழாக்கிப் பரிதிமாற் கலைஞர் எனப் புனைந்துகொண்டவர் இவரே.

இங்கே சித்தூர்ப் பக்கத்து நேயர்கள் சற்றுச் செவி சாய்க்க வேண்டும். கிறித்தவக் கல்லூரி அப்போது தாம்பரத்தில் இல்லை. உயர்நீதிமன்றத்துக்கு எதிரில் இருந்தது. சாஸ்திரியார் தமிழ் கற்பித்துக்கொண்டிருந்த அதே கட்டடத்தில், சித்தூரை அடுத்த கட்டமஞ்சியிலிருந்து சென்ற ஓர் இளைஞர் படித்துக்கொண்டிருந்தார். அவர்தாம் கட்டமஞ்சி இராமலிங்க ரெட்டி, சி. ஆர். ரெட்டி என்றால் எல்லோருக்கும் தெரியும். 1899-இல் அக்கல்லூரித் தெலுங்குச் சங்கம் நடத்திய போட்டிக்காக ‘முசலம்ம மரணமு’ என்னும் காவியத்தை எழுதிப் பரிசு பெற்றார். புக்கராயசமுத்திரம் ஏரிக்கரை உடையாமல் காக்கத் தன்னையே பலி கொடுத்த பெண்ணின் கதை அது. இது கல்லூரிப் பரிசுதான். பல்கலைக்கழகப் பதக்கம் அன்று. ஆனால், வயது இருபதுகூட நிரம்பாத மாணவனின் பரிசுக் கவிதை, புதுத் தெலுங்குக் கவிதையின் தொடக்கங்களுள் ஒன்றாக இன்றும் எண்ணப்படுகிறது. 1926-இல் ஆந்திரப் பல்கலைக்கழகம் தோன்றியபோது அதன் முதல் துணைவேந்தர் ஆனவரும் அவரே. ஒரே கூரையின் கீழ், ஒருபுறம் தமிழும் மறுபுறம் தெலுங்கும் இப்படி ஊக்கம் பெற்றிருக்கின்றன. எல்லைத் தகராறுகளைப் பற்றியே கேட்டுப் பழகிய நமக்கு இது நினைவில் நிற்க வேண்டிய செய்தி.

சாஸ்திரியாரின் பதக்கம் பேழையில் உறங்கவில்லை. 1902-இல், பல்கலைக்கழகப் படிப்பிலிருந்து தாய்மொழிகளை விலக்கிவிடலாம் என்னும் யோசனை எழுந்தது. பட்டம் வேண்டும், தாய்மொழி வேண்டா என்பதே அதன் உட்பொருள். சாஸ்திரியாரும் எம். எஸ். பூரணலிங்கம் பிள்ளையும் அதை எதிர்த்து எழுதினர், பேசினர், ஆதரவு திரட்டினர். யோசனை அவ்வடிவில் நிறைவேறவில்லை. தமிழை ‘உயர்தனிச் செம்மொழி’ என்று காரணம் காட்டி அவர் நிறுவியதும் அக்காலத்தில்தான். தத்துவமும் ஆங்கிலமும் அறிந்த பட்டதாரி, தமிழுக்காகப் பேசினார். ‘தமிழ் மட்டும் தெரிந்தவர் புலம்புகிறார்’ என்று யாரும் தள்ளிவிட இயலவில்லை. பதக்கம் பயன்பட்ட இடம் அது. 1903-ஆம் ஆண்டு நவம்பரில், 33 வயதில், அவர் காலமானார். அவரைப் படிக்க வைத்த சேதுபதி மன்னரும் அதே ஆண்டு டிசம்பரில் மறைந்தார். இந்திய அரசு தமிழைச் செம்மொழியாக ஏற்றது 2004-இல். தெலுங்கை ஏற்றது 2008-இல்.

இப்போது பலமனேருக்குத் திரும்புவோம். இன்று அவ்வூர்ப் பிள்ளைகள் பட்டத்துக்காகச் சென்னைக்குப் போக வேண்டிய கட்டாயம் இல்லை. திருப்பதியில் திருவேங்கடவன் பெயரால் அமைந்த பல்கலைக்கழகம் 1954 முதல் இருக்கிறது. ஆனால், வெளி மாநிலத் தமிழ்க் குடும்பங்களில் நாம் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு. “தமிழ் வீட்டில் பேசினால் போதும், பாடமாக எடுத்தால் மதிப்பெண் குறையும், வேலைக்கும் உதவாது” என்பார்கள். பெற்றோரின் கவலையை நாம் ஏளனம் செய்யமாட்டோம். மாநில மொழி கல்லாமல் அந்த மாநிலத்தில் வாழ இயலாது. கற்கத்தான் வேண்டும், நன்றாகவே கற்க வேண்டும். ஆனால், 1902-இல் எழுந்த அதே யோசனையை இன்று நம் வீட்டுக் கூடத்தில் நாமே எழுப்புகிறோம் அல்லவா? அன்று எதிர்த்து எழுதப் பட்டதாரிகள் இருந்தார்கள். வீட்டுக்குள் எடுக்கப்படும் தீர்மானத்தை எதிர்த்து யார் எழுதுவது?

வழி இல்லாமலும் போகவில்லை. ஆந்திரப் பிரதேச அரசு 1997-இல் குப்பத்தில் திராவிடப் பல்கலைக்கழகத்தை நிறுவியது. தெலுங்கு, தமிழ், கன்னடம், மலையாளம் ஆகிய நான்கு மொழிகளையும் கருதி எழுந்த நிலையம் அது. தமிழுக்கும் அங்கே துறை அமைந்தது. பலமனேரில் பேருந்து ஏறினால் வெங்கடகிரிக்கோட்டை வழியாகக் குப்பத்தை அடையலாம். கணவாயில் வண்டி கட்ட வேண்டியதில்லை.