ஆகமன காலமும் அகத்தூய்மையும்

வாடைக்காற்று வீசத் தொடங்கி, குளங்கள் நிரம்பி, வயல்களில் நெற்பயிர் பச்சையாய்த் தலையெடுக்கும் பருவத்திலே, இலங்கையின் கத்தோலிக்க ஆலயங்களில் பீடத்துணி ஊதா நிறத்துக்கு மாறுகின்றது. நத்தார்த் திருநாளுக்கு முந்திய நான்கு ஞாயிறுகளையும் உள்ளடக்கிய இக்காலத்தை ஆகமன காலம் என்றும் திருவருகைக் காலம் என்றும் வழங்குவர். நவம்பர் 30ஆம் திகதியாகிய அந்திரேயர் திருநாளுக்கு மிக அண்மையில் வரும் ஞாயிறே இதன் தொடக்கம்.

இலத்தீன் மொழியிலே 'அட்வெந்துஸ்' என்றால் வருகை. பேரரசன் ஒரு நகருக்கு எழுந்தருளுவதை உரோமர் அச்சொல்லாற் குறித்தனர். அரசன் வருகிறான் என்றால் மேடு வெட்டிப் பள்ளம் நிரப்பி வீதியைத் திருத்துவார்கள் அன்றோ? இசையாஸ் தீர்க்கதரிசியின் நூலும், பின்வந்த ஸ்நாபக அருளப்பரும் அவ்வழக்கத்தையே உவமையாகக் கொண்டமை நோக்கத்தக்கது.

5ஆம் நூற்றாண்டிலே, தூர் நகரத்து ஆயர் பெர்ப்பெத்துவுஸ், நவம்பர் 11ஆம் திகதி தொடங்கி நத்தார் வரை வாரத்தில் மூன்று நாள் நோன்பிருக்குமாறு விதித்தார். அந்நோன்பு பெரும்பாலும் மறைந்துவிட்டது. நோன்பு எழுந்துபோன இடத்தில் கடைத்தெரு வந்து அமர்ந்துகொண்டது.

காத்திருத்தல் எளிதான காரியமன்று. குழந்தைகளுக்கோ அது மிகக் கடினம். செருமனியிலே ஹம்பேர்க் நகரில் ஆதரவற்ற சிறுவர்க்கு இல்லம் நடத்திய யோகான் ஹின்றிக் விக்கேர்ன் என்னும் இறையியலாளர், நத்தார் எப்பொழுது வரும் என ஓயாது கேட்ட பிள்ளைகளுக்காக, 1839ஆம் ஆண்டிலே ஒரு வண்டிச் சில்லில் 20 சிறிய மெழுகுதிரிகளையும் 4 பெரிய மெழுகுதிரிகளையும் நாட்டினார். கிழமை நாட்களில் ஒரு சிறியது, ஞாயிறுகளில் ஒரு பெரியது. ஆலயங்களில் இன்று காணப்படும் நான்கு திரி வளையம் அச்சில்லின் வழிவந்ததே. விடையை வாயாற் சொல்லாமல் நாளுக்கொரு சுடராக ஏற்றிக் காட்டிய முறையிலே நல்லாசிரியர் ஒருவரின் நுட்பம் தெரிகின்றது.

12ஆம் நூற்றாண்டிலே கிளேர்வோ மடத்துத் தலைவராயிருந்த அர்ச். பெர்நார்து, கிறிஸ்துவின் வருகை மூன்று என விளக்கினார். முதலாவது பெத்லகேமில் நிகழ்ந்தது; இறுதியானது உலக முடிவில் நிகழ்வது. இவ்விரண்டுக்கும் நடுவிலே, மனித உள்ளத்தில் ஓசையின்றி நிகழும் வருகை ஒன்றுண்டு. முன்னதற்கு இக்காலத்தவர் பிந்திவிட்டனர். பின்னதன் நாளை எவரும் அறியார். கைக்கு எட்டுவது நடுவில் உள்ளதே.

அதற்கு உள்ளத்தை ஆயத்தம் செய்வதென்றால் யாது? கண்ணை மூடி இனிய உணர்வுகள் சிலவற்றை வரவழைத்தல் என எண்ணுவோர் ஸ்நாபக அருளப்பரிடம் ஏமாற்றமே அடைவர். யோர்தான் நதியை அடுத்த நாட்டிலே மக்கள் அவரை அணுகித் தாம் செய்யவேண்டியது யாதென வினவியதை லூக்காஸ் நற்செய்தியின் 3ஆம் அதிகாரம் கூறுகின்றது. இரண்டு அங்கி வைத்திருப்பவன் இல்லாதவனுக்கு ஒன்றைக் கொடுக்க வேண்டும். ஆயக்காரன் விதித்ததற்கு மேல் அறவிடலாகாது. போர்ச்சேவகன் எவரையும் மிரட்டிப் பறியாமல் தன் சம்பளத்தோடு அமைய வேண்டும். இதுவே அவர் விடையின் சாரம். எவரையும் தொழிலைத் துறந்து வனத்துக்கு வருமாறு அவர் சொல்லவில்லை. அவரவர் கை எங்கே வழுக்குகின்றதோ அவ்விடத்தையே தொட்டுக் காட்டினார்.

யாழ்ப்பாணத்துக் கிராமத்திலே ஒரு வீட்டை எண்ணிப் பார்க்கலாம். டிசெம்பர் பிறந்ததும் சுவருக்கு வெள்ளை பூசப்படுகின்றது. பயற்றம் பணியாரம் தயாராகின்றது. பாலன் குடில் எழுகின்றது. வீட்டுக்காரரோ அயல் வளவிலே குடியிருக்கும் தம்பியாரோடு பேசிப் பல ஆண்டுகள். காரணம் வேலி. எல்லையிலே கதியால் ஒன்று சற்றே தள்ளி நாட்டப்பட்டதாம். வழக்குக்குச் செலவான பணத்துக்கு அத்துண்டு நிலத்தைப் பன்முறை வாங்கியிருக்கலாம். இரு வீட்டுப் பிள்ளைகளும் ஒருகாலத்திற் புகுந்து போய்வந்த பொட்டு, கிடுகு வைத்து அடைக்கப்பட்டுவிட்டது.

திருநாளுக்கு முன் அவர் பாவசங்கீர்த்தனம் செய்யவும் போவார். அங்கே எல்லாவற்றையும் சொல்லக்கூடும். கதியாலைப் பற்றிச் சொல்ல மாட்டார். அதிற் குற்றம் தம்பியாருடையது என்பதே அவர் துணிபு. தம்பியாரின் துணிபு இதற்கு நேர்மாறானது என்பதைச் சொல்லவேண்டியதில்லை. காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலிற் சகோதரனோடு ஒப்புரவாகுமாறு பணிக்கும் மலைப்பிரசங்கமோ, நியாயம் யார் பக்கம் என்று கேட்கவேயில்லை. சகோதரனுக்கு மனத்தாங்கல் உண்டா என்பது மட்டுமே அங்கே எழும் வினா.

நத்தார் இரவிலே நடுச்சாமப் பூசைக்கு அவ்விரு குடும்பங்களும் ஒரே ஒழுங்கையாலேதான் போகின்றன; சற்று முன்னும் பின்னுமாக, வெவ்வேறு கைவிளக்குகளோடு. அதற்குள் நான்கு ஞாயிறுகள் இருக்கின்றன. அந்தக் கிடுகை அவிழ்க்க அரை மணி நேரம் போதும்.