முகம் காட்டாப் படம்



தன்வரலாறு எழுதுக என்றால் நம் பிள்ளைகளிற் பலர் பிறந்த ஊரையும் படித்த பள்ளியையும் எழுதிவிட்டு நின்றுவிடுகின்றனர். நெஞ்சில் உள்ளது ஏட்டுக்கு வருவதில்லை. அதனைப் படத்தால் சொல்லப் பயிற்றலாகாதா? இன்று அலைபேசியிலேயே படக்கருவி அடங்கிவிட்டது. ஆயினும், அதனைக் கையில் கொடுத்தவுடன் அவர்கள் எடுப்பது தம் முகத்தைத்தான்!

முகம் காட்டாமல் உள்ளத்தைக் காட்டும் நெறி தமிழுக்குப் புதியதன்று. அகப்பாடலில் காதலர் எவரையும் பெயர் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பிய விதி. பெயர் மறைந்த அவ்விடத்தில் சுனையும் யானையும் வேங்கை மரமும் தலைவியின் நெஞ்சைக் குறிப்பால் உணர்த்தும். இதனை உள்ளுறை என்றனர்.

புலவர்க்குரிய இந்நெறி பள்ளிச் சிறுவர்க்குக் கைகூடுமா? அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதியில், கென்டக்கி மாநிலத்துச் சிற்றூர்ப் பள்ளிகளில், 1970களில் வெண்டி ஈவால்ட் என்னும் அம்மையார் சிறுவர்களிடம் சுருள் படக்கருவியைக் கொடுத்து, குடும்பத்தை மட்டுமன்றித் தாம் கண்ட கனவுகளையும் எடுத்துவரச் செய்தார். கனவை எவ்வாறு எடுப்பது என்பீர்கள். தோழனைக் கொன்றதாகக் கனாக் கண்ட சிறுவன், அத்தோழனையே மரக்கவட்டில் துவண்டு கிடக்கச் செய்து எடுத்தான். அப்படங்கள் 1985இல் நூலாயின. பின்னர் குஜராத்துச் சிற்றூர் ஒன்றிலும் அவர் கற்பித்தார். நம் தமிழகத்தில் பழனிகுமார் என்னும் படக்கலைஞர் தூய்மைப் பணியாளர், மீனவர் ஆகியோரின் பிள்ளைகளுக்கு இக்கலையைப் பயிற்றியிருக்கிறார்.

ஓய்வு பெற்றபின், ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரை அடுத்த பள்ளியொன்றில் யானும் இதனை முயன்றேன். எண்முறைக் கருவியில் சுருள் செலவில்லை. எடுத்ததை அக்கணமே காணலாம். செலவில்லாமையால் சிந்தனையும் இல்லாமற் போகும் என்று அஞ்சி, ஒருவருக்கு ஐந்து படங்கள் என வரையறுத்தேன். "உன்னைப்பற்றிச் சொல், ஆனால் நீ படத்தில் இருக்கலாகாது." இதுவே நான் இட்ட பணி.

ஒரு சிறுமி, சுவரில் சாத்தியிருந்த உலக்கையை எடுத்து வந்தாள். நானோ முப்பதாண்டுப் பழக்கத்தால் உடனே வாய் திறந்துவிட்டேன்: "சாமை குற்றும் மலைமக்களின் உழைப்பை அழகாகக் காட்டியிருக்கிறாய்!" அவள் தலை குனிந்தாள். வகுப்பு முடிந்தபின் அருகில் வந்து, "அது இல்லைங்க சார். அம்மா காப்பித் தோட்டத்து வேலைக்குப் போனதிலிருந்து அது அங்கேயேதான் நிக்குது" என்றாள்.

பிள்ளை வாய் திறக்குமுன் ஆசிரியன் பொருளுரைத்துவிட்டால் அக்கதை யாருடையது? ஆசிரியப் பயிற்சியில் இதனை நான் கற்றதில்லை. மறுநாள் முதல் "ஏன் இதை எடுத்தாய்?" என்னும் ஒரே வினாவோடு நிறுத்திக்கொண்டேன். எளிதாக இருக்கவில்லை.

உலக்கைப் படத்தைப் பள்ளிச் சுவரில் வைக்கலாமா என்று அவளைக் கேட்டேன். "அம்மா பார்க்கட்டும் சார்" என்றாள். பொங்கலுக்கு அவ்வம்மையார் மலையேறி வந்து பார்த்த பின்னரே அது சுவரேறியது.