லீவு போட்டும் சோர்வு போகலையா?

போன வருஷம் நாலு நாள் லீவு போட்டு ஊருக்குப் போனேன். நல்லா தூங்கினேன், அம்மா சமையலைச் சாப்பிட்டேன். ஆனா திங்கட்கிழமை லேப்டாப்பைத் திறந்ததும் நெஞ்சுல அதே பாரம். அப்பதான் புரிஞ்சது, இது வெறும் அசதி இல்லை.

இதுக்குப் பேர் 'பர்ன் அவுட்'. நியூயார்க்கில் ஒரு இலவச கிளினிக்கில் வேலை பார்த்த உளவியலாளர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர், 1974-லேயே இதைப் பத்தி எழுதியிருக்கார். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் மூணு அடையாளம் சொன்னது: சக்தி மொத்தமும் வடிஞ்சு போறது, வேலை மேல வெறுப்பு வர்றது, செய்யற வேலையில திறமை குறையறது. இதை அவங்க நோய்னு சொல்லலை. சரியா கையாளப்படாத வேலை அழுத்தத்தோட விளைவுன்னுதான் சொல்றாங்க.

அதனாலதான் லீவு மட்டும் போதலை. திரும்பி வந்தா வேலை அப்படியேதானே இருக்கு?

நான் ஒரு வாரம் செஞ்ச எல்லா வேலையையும் எழுதி மேனேஜர்கிட்ட காட்டினேன். "இதுல எதை விடலாம், நீங்களே சொல்லுங்க"ன்னு கேட்டேன். கை நடுங்குச்சு. ஆனா ரெண்டு வேலை குறைஞ்சது. ராத்திரி ஒன்பதுக்கு மேல ஆபீஸ் மெசேஜ் பார்க்கறதை நிறுத்தினேன். பழைய ஆளா மாற மூணு மாசம் ஆச்சு.

ரெண்டு வாரத்துக்கு மேல தூக்கம், பசி இல்லாம, எதுலயுமே பிடிப்பு இல்லாம இருந்தா, அது மன அழுத்த நோயாகவும் இருக்கலாம். டாக்டரைப் பாருங்க. 14416, டெலி மானஸ். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழ்லயே பேசலாம்.

அம்மா "என்னடா ஆச்சு?"ன்னு கேட்டப்போ "ஒண்ணுமில்லை"ன்னு சொன்னேன். நீங்க அப்படிச் சொல்லாதீங்க.